வெயில் இங்கே, அளவுகோல் எங்கே?

(மட்டக்களப்பில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேச்சின் கிளைக்கதைகள் சில சுருக்கப்பட்டுள்ளன.)



கிழக்கின் வலுசக்தி வளம் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். வளத்தை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவது எளிது. வெயில் உண்டு, வயல் உண்டு, உமி உண்டு, வாவி உண்டு, கடலுக்கடியில் எரிவாயு இருக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. 2016இல் பிரான்சின் டோட்டல் நிறுவனம் கிழக்குக் கடலின் இரண்டு பகுதிகளை ஆராய அரசாங்கத்தோடு உடன்படிக்கை செய்தது நினைவிருக்கும். இந்தப் பட்டியலை நான் விரிக்கப் போவதில்லை. என் கருத்து ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிட்டு, அதற்கான நியாயங்களை எண்ணிட்டு முன்வைக்கிறேன்.

ஒரு பிரதேசத்தின் வளம் அந்தப் பிரதேசத்து மக்களுக்குப் பயன்பட வேண்டுமானால், அதை அளக்கத் தெரிந்தவர்களும், அதனால் ஓடும் இயந்திரத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும், ஒப்பந்த மேசையில் அதற்காக வாதாடத் தெரிந்தவர்களும் திட்டம் வருவதற்கு முன்பே அங்கே உருவாகியிருக்க வேண்டும். திட்டம் வந்தபின் ஆள் தேடினால் ஊருக்குக் கிடைப்பது காவல்கார வேலையும் புல்வெட்டும் வேலையும்தான்.

1. பட்டிப்பளை ஆறு நமக்குச் சொல்வது

இந்த மண்ணின் முதற் பெரிய வலுசக்தித் திட்டம் சூரிய மின் அன்று. கல்லோயா என்றும் அழைக்கப்படும் பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் கட்டிய அணைதான் அது. கல்லோயா அபிவிருத்திச் சபை 1949இல் உருவானது. அமெரிக்காவின் மொறிசன்-நட்சன் நிறுவனம் அணையைக் கட்டியது. ஹூவர் அணையைக் கட்டிய கூட்டு நிறுவனத்தில் பங்காளியாயிருந்த அதே நிறுவனம். அணையடியில் சுமார் 11 மெகாவாட் மின்நிலையம் அமைந்தது. அப்போது அம்பாறை தனி மாவட்டமல்ல. 1961 வரை அது மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதி. ஆகவே இங்கினியாகலை மின்சாரம் மட்டக்களப்பு மாவட்டத்தின் மின்சாரமாகவே பிறந்தது.

அந்தத் திட்டத்தின் அரசியலை இந்த அவைக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. யாரைக் குடியேற்றுவது, நீர் எந்த வாய்க்காலில் முதலில் ஓடுவது என்ற முடிவுகள் இங்கே எடுக்கப்படவில்லை. 1956 ஜூன் இனக்கலவரத்தின்போது கல்லோயாக் குடியேற்றத்தில் சிந்திய இரத்தம் அந்தத் திட்டத்தின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாத பகுதி. அதை மறந்துவிட்டு "அபிவிருத்தி" என்ற சொல்லை இந்த மண்ணில் எவரும் உச்சரிக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

ஆனாலும் அதே கல்லோயாவில் வேறு இரண்டு காரியங்கள் நடந்தன. அவற்றை நாம் போதியளவு பேசவில்லை.

ஒன்று, ஹார்டி தொழில்நுட்ப நிறுவனம். கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொறியியல் பேராசிரியராயிருந்த ஈவன் ஹார்டி ஓய்வுக்குப் பின் இலங்கைக்கு வந்து பணியாற்றினார். அவர் பெயரால் அம்பாறையில் 1950களில் அந்த நிறுவனம் தொடங்கியது. அணை, வாய்க்கால், உழவு இயந்திரம், மின்நிலையம் இவற்றை யார் பராமரிப்பார் என்ற கேள்விக்குத் திட்டக்காரர்கள் கொடுத்த விடை அது. வேலைத்தலத்துக்குப் பக்கத்திலேயே பயிற்சித்தலம். இந்த அருமையான யோசனை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் நடைமுறையில் இருந்தது.

மற்றது இன்னும் முக்கியமானது. 1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து, கதவுகள் உடைந்து, கடைமடைக்கு நீர் போகாத நிலையில் கிடந்தன. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு முயற்சியில் இறங்கின. வேலை தேடிக்கொண்டிருந்த கிராமத்துப் பட்டதாரிகளைத் தெரிந்தெடுத்துப் பயிற்றுவித்து, வாய்க்கால் கரைகளில் விவசாயிகளோடு குடியிருக்க அனுப்பினார்கள். அவர்கள் கையில் அதிகாரமோ பணமோ இல்லை. ஒரே வாய்க்காலில் நீர் எடுக்கும் பத்துப் பதினைந்து குடும்பங்களை ஒன்றாக உட்காரவைப்பதே அவர்கள் வேலை. 1981இல் நீர்த்தேக்கத்தில் கால்வாசி நீர்தான் இருந்தது. அந்தப் போகத்தில் மேல்மடையிலிருந்த சிங்கள விவசாயிகள் முறைவைத்து நீரை மிச்சப்படுத்திக் கீழ்மடையிலிருந்த தமிழ் பேசும் விவசாயிகளுக்கும் விட்டுக்கொடுத்தார்கள். நீர்ப் பாவனையின் வினைத்திறன் ஏறத்தாழ இரட்டிப்பானது என்று அந்த ஆய்வை வழிநடத்திய பேராசிரியர் நோர்மன் அப்ஹோஃப் 1992இல் எழுதிய நூலில் பதிவுசெய்தார். இனக்கலவரங்களின் காலத்தில் நடந்தது இது!

ஆய்வு, தலைமை, தொழிற்பயிற்சி மூன்றும் உலக மாநாடுகளில் இன்று பெரிய சொற்களாக உலவுகின்றன. மூன்றுக்கும் முன்மாதிரி நம் வாசலிலேயே இருந்தது. அணை நிலைத்தது, மனிதரை உருவாக்கிய அந்த ஏற்பாடுகள் வெளியுதவி நின்றதும் தேய்ந்தன. நம் அணைகளைவிட நம் பயிற்சி ஏற்பாடுகள் பலவீனமாகக் கட்டப்பட்டிருந்தன. இடதுகரைப் பாசன வடிநீர் இன்றும் மட்டக்களப்பு வாவியின் தென்பகுதிக்கு வந்து சேர்கிறது. அந்த அனுபவம் மட்டும் நம்மை வந்து சேரவில்லை.

2. அளந்தவனே பேசலாம்

டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் ஒரு கட்டுரை வாசித்தார். மத்திய மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம், அதற்கு என்ன செலவாகும் என்பது பொருள். ஆட்சியாளர்கள் அதை ஒதுக்கினார்கள். அவர் 1931இல் அரசாங்க சபைக்கே போட்டியிட்டு உள்ளே போனார், அங்கும் இதையே வற்புறுத்தினார். லக்சபான மின்நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. முப்பத்திரண்டு ஆண்டு! அவரை யாராலும் முற்றாக ஒதுக்க முடியாமற் போனதற்குக் காரணம், அவர் கையில் நீரோட்டக் கணக்கு இருந்தது. கணக்கு வைத்திருப்பவனைத் தாமதப்படுத்தலாம், பொய்யனாக்க முடியாது.

நம் வெயிலின் கணக்கு யாரிடம் இருக்கிறது? அமெரிக்கத் தேசிய மீள்புதுப்பிக்கத்தக்க வலுசக்தி ஆய்வுகூடம் 2003இல் இலங்கைக்கும் மாலைதீவுக்கும் ஒரு மதிப்பீடு செய்தது. இலங்கையின் பெரும்பகுதியில் சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 4.5 முதல் 6 கிலோவாட்-மணி வரை சூரியசக்தி விழுகிறது என்றது அது. செய்மதி மேகப் படங்களும் வானிலை நிலையப் பதிவுகளும் அதற்கு அடிப்படை. பயனுள்ள வேலைதான். ஆனால் வாகரைக்கும் வவுணதீவுக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் இடையிலான வேறுபாட்டை அது சொல்லாது. மார்கழியில் வடகீழ்ப் பருவமழை இறுகும் வாரங்களில் எத்தனை நாள் தொடர்ச்சியாகச் சூரியன் முகம் காட்டாது என்பதையும் ஆண்டுச் சராசரி மறைத்துவிடும். பற்றரி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்த இருண்ட நாட்களே.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாவலடியிலிருந்து கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி வழியாகத் தெற்கே ஓடும் எழுவான்கரைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அங்கே ஒரு கூரையில் ஏறிப் பாருங்கள். அலுமினியச் சட்டத்தில் மலிவான இரும்பு ஆணி முடுக்கியிருந்தால், இரண்டு உலோகமும் சந்திக்கும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். விரலால் தட்டினால் உதிரும். சோலார்த் தகட்டின் உப்புத் தாங்குதிறனைச் சோதிக்க ஐ.இ.சி. 61701 என்ற சர்வதேச நியமம் உண்டு. அது ஆய்வுகூடத்தில் உப்புப்புகை அடித்துச் சோதிப்பது. நம் வாவிக்கரையில் ஐந்தாண்டு நின்ற தகடு என்ன ஆகிறது என்பதை நாமல்லாமல் வேறு யாரும் அளக்கப் போவதில்லை.

புயலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1978 நவம்பர் 23ஐ அனுபவித்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். அந்தப் புயலுக்குப் பின் 1980இல் வெளியான கட்டட வழிகாட்டி நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்து, கிழக்குக் கரையை மிகக் கடுமையான முதலாம் வலயத்தில் வைத்தது. கொழும்புக்கென்று வடிவமைத்த கூரைத் தாங்கியை அப்படியே கொண்டுவந்து கல்லடியில் பூட்டுவது ஆபத்து.

உள்ளூரில் அளப்பதற்குத் தமிழ்நாட்டில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். தூத்துக்குடிக் கரையில் 1986இலேயே காற்றாலைகள் சுழலத் தொடங்கின. ஆரல்வாய்மொழிக் கணவாயின் முப்பந்தல் பின்னர் காற்றாலைக் காடாயிற்று. வளம் இருக்கிறது என்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1998இல் சென்னையில் காற்றாலைத் தொழில்நுட்ப மையத்தை நிறுவினார்கள். கயத்தாறில் டென்மார்க் உதவியோடு பரிசோதனை நிலையம் அமைத்தார்கள். இன்று தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் என்ற பெயரில் அந்த மையம் காற்றை அளக்கிறது, இயந்திரங்களைச் சோதிக்கிறது, வெளிநாட்டுப் பொறியியலாளருக்கும் வகுப்பு நடத்துகிறது. காற்று வீசும் இடத்துக்குப் பக்கத்தில் அறிவும் குடியேறியது.

நம் பக்கத்திலும் தொடக்கங்கள் இல்லாமலில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ரவிராஜன் குழுவினரும் மேற்கு நோர்வேப் பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளையும் இணைந்து சூரியகல ஆய்வை வளர்த்திருக்கிறார்கள். அந்த உறவின் தொடர்ச்சியாகக் கிளிநொச்சிப் பொறியியற் பீட வளாகத்துக் குளத்தில் 2020இல் ஒரு சிறிய மிதக்கும் சோலார் நிலையம் இயங்கத் தொடங்கியது. சில பத்துக் கிலோவாட்தான். ஆனால் மாணவர் தொட்டுப் பார்த்துப் படிக்கும் நிலையம்.

3. சிவப்பு விளக்கும் ஒரு வயரிங் பாசும்

படுவான்கரையில் ஒரு பாடசாலைக் கூரையில் சோலார் பூட்டியிருந்தார்கள். மாதாந்தம் எதிர்பார்த்ததில் பாதி அலகுதான் பதிவாகிறது என்று அதிபர் கவலைப்பட்டார். தகடு பழுது என்று ஒருவர் சொன்னார், மரநிழல் என்று இன்னொருவர் சொன்னார். பூட்டிய நிறுவனத்தின் ஆள் வருவதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நானும் போய்ப் பார்த்தேன். காலையில் எல்லாம் சரியாக ஓடுகிறது. பதினொரு மணி தாண்டியதும் இன்வேர்ட்டரின் சிறு திரையில் மின்னழுத்தம் 240, 246, 251 என்று ஏறுகிறது. பிறகு சிவப்பு விளக்கு, இயந்திரம் நிற்கிறது. சில நிமிடத்தில் தானாக எழும்புகிறது, மறுபடி நிற்கிறது. வெயில் உச்சியில் இருக்கும் நேரமெல்லாம் இப்படியே வீணாகிறது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் அந்த ஊர் வயரிங் பாஸ் ஒருவர். ஒரு சாதாரண மீற்றரை வைத்துக்கொண்டு அரை மணிக்கு ஒருமுறை அழுத்தத்தைக் கொப்பியில் எழுதிவந்திருந்தார். மின்மாற்றி வெகு தூரத்தில். இடையே நீளமான மெல்லிய கம்பி. அதே கம்பியில் இன்னும் சில வீடுகளின் சோலார். எல்லோரும் நண்பகலில் மின்னை உள்ளே தள்ள, ஊரில் அதை எடுப்பாரில்லாமல், அழுத்தம் எல்லை மீறுகிறது. எல்லை மீறினால் இன்வேர்ட்டர் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. இயந்திரம் விதிப்படிதான் நடந்திருக்கிறது! மின்மாற்றியின் படியைக் குறைத்து வைப்பது, கம்பியை மாற்றுவது, இன்வேர்ட்டரின் அமைப்பைத் திருத்துவது என்று இதற்கு மூன்று நிவாரணம் உண்டு. மூன்றில் எதுவும் புதுத் தகடு வாங்குவதல்ல.

அந்தப் பாஸ் உயர்தரம் படித்தவரல்லர். கட்டாரில் சில ஆண்டு மின்வேலை செய்து திரும்பியவர். அவரைப் போன்ற பலர் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். கையில் வேலை இருக்கிறது, சான்றிதழ் இல்லை. முன் அனுபவத்தைச் சோதித்து என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் கொடுக்கும் முறை நாட்டில் இருக்கிறது. அதைச் சூரிய மின்னோடு இணைத்து, தமிழில், மஞ்சந்தொடுவாய்த் தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் மாலை வகுப்பாக நடத்தினால், ஓராண்டுக்குள் ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் சிவப்பு விளக்கின் காரணம் சொல்லக்கூடிய ஒருவராவது இருப்பார்.

தமிழில் என்று அழுத்திச் சொல்கிறேன். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் யாழ்நூல் எழுதியவர் என்றே நாம் நினைவுகூர்கிறோம். அவர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர், இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி, பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தவர், 1936இல் சென்னையில் நடந்த விஞ்ஞானக் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் சிவானந்தா வித்தியாலயத்தை எழுப்பிய ஊரில் இன்வேர்ட்டர் கைநூல் தமிழில் கிடைக்காமலிருப்பது நமக்கு அழகல்ல.

கட்டுமான வேலையை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தரையில் அமையும் ஒரு சோலார் நிலையத்தைக் கட்டும் மாதங்களில் நூற்றுக்கணக்கானோருக்கு வேலை இருக்கும். கட்டி முடிந்ததும் ஒரு கைப்பிடி ஆட்கள் போதும். நிரந்தர வேலை வடிவமைப்பிலும் பரிசோதனையிலும் பழுதுபார்ப்பிலும்தான் உள்ளது. வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1956இல் தொடங்கி இப்பகுதி வைக்கோலைக் கூழாக்கியது. ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டது. அந்த ஆலை நலிந்தபோது வைக்கோல் அப்படியே இங்கே இருந்தது. மூலப்பொருள் இருந்தால் தொழில் தானாக நிலைக்கும் என்ற நம்பிக்கைக்கு அதைவிட வேறு மறுப்பு வேண்டியதில்லை.

4. நண்பகல் மின்னை என்ன செய்வது?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. எல்லோரும் குரங்கைப் பற்றியே பேசினார்கள். உண்மையான நோய் வேறு. ஞாயிறு பகலில் பாவனை குறைவு, சோலார் உற்பத்தி மிகுதி, கனத்த சுழலிகள் குறைவு. ஆகவே சிறு அதிர்ச்சியையும் மின்வலை தாங்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை பாவனையாளரைக் கேட்டது. மின் விலையால் வதங்கிய நாடு, இலவச வெயிலை நிறுத்தச் சொல்ல வேண்டிய நிலை!

நண்பகலில் மிஞ்சும் மின்னை உள்ளூரிலேயே எடுத்துக்கொள்ளும் தொழிலைத் தேட வேண்டும். நம் கரையில் அது தயாராக நிற்கிறது: ஐஸ். வெப்ப நாடுகளில் ஒரு தொன் கட்டி ஐஸ் உறைய 55 முதல் 70 அலகு மின் செலவாகும். உறைந்த ஐஸ் இரவு வரை, மறுநாள் வரை இருக்கும். பற்றரியில் மின்னைச் சேமிப்பதற்குப் பதிலாகக் குளிரைச் சேமிக்கிறோம். வாழைச்சேனைத் துறைமுகத்திலும் வாவிக்கரைச் சந்தைகளிலும் மீனவர் வாங்கும் ஐஸை நண்பகலில் உறையவைக்கும் ஆலைகள் மின்வலைக்கும் உதவும், மீன் பழுதாவதையும் குறைக்கும். ஏற்றுநீர்ப் பாசனப் பம்பிகளும் இந்த வகையே.

உமியையும் கவனியுங்கள். நெல்லின் நிறையில் ஐந்திலொரு பங்கு உமி. புழுங்கல் ஆலைகள் அதில் ஒரு பகுதியை எரிக்கின்றன. மீதி குவிந்து கிடக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கிலோ உமியிலிருந்து ஓர் அலகு மின் எடுக்கலாம். சூரியன் தோன்றாத மார்கழி நாட்களுக்கும் இரவுகளுக்கும் அது பொருந்தும். பீகாரின் தம்குஹா கிராமத்தில் 2007இல் உமிவாயுவால் விளக்கேற்றத் தொடங்கியவர்கள், இயந்திரத்தை ஓட்ட அந்தந்த ஊர் இளைஞரையே பயிற்றுவித்தார்கள். உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதைச் சீமெந்தோடு கலப்பது பற்றி ஆய்வு செய்ய நம் தொழில்நுட்ப பீடத்து மாணவருக்கு வேண்டிய மூலப்பொருள் வீதியோரத்திலேயே கிடக்கிறது.

வாவி வாயில் வற்று-பெருக்கு மின் எடுக்கலாமா என்று இளைஞர் அடிக்கடி கேட்கிறார்கள். முடியாது. பிரான்சின் லா ரான்ஸ் நிலையத்தில் வற்று-பெருக்கு வேறுபாடு சராசரி 8 மீற்றர். நம் கரையில் அது ஒரு மீற்றரும் இல்லை. போதாததற்கு முகத்துவாரமே மணல்மேட்டால் மூடிக்கொள்கிறது. வாவியின் திறந்த நீர்ப்பரப்பில் மிதக்கும் சோலாரையும் நான் ஆதரிக்கவில்லை. அது மீனவரின் வேலைத்தலம், இறால் வளரும் இடம். குளங்களில் சிறிய அளவில், மீனவரோடு பேசி, அளந்து பார்த்துச் செய்யலாம்.

ஒரு சட்ட விடயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மாகாண சபைப் பட்டியலின்படி, நீர்மின் தவிர்ந்த, தேசிய மின்வலைக்கு ஊட்டாத மின்னுற்பத்திக்கான இடங்களையும் வசதிகளையும் அபிவிருத்தி செய்வது மாகாணத்துக்கு உரியது. ஐஸ் ஆலையின் சொந்தச் சோலாரும் அரிசி ஆலையின் உமி மின்னும் அதற்குள் அடங்கும் என்பது என் வாசிப்பு. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தபின் அந்த ஆசனங்கள் வெறுமையாகிவிட்டன. அதிகாரத்தைக் கேட்டு எவ்வளவோ போராடினோம். கையில் எழுதித் தந்த இந்தச் சிறு அதிகாரத்தை வைத்து ஒரு நியதிச்சட்ட வரைவாவது தயாரித்து வைத்திருக்கிறோமா?

5. ஒப்பந்த மேசை

மூதூர்ப் பகுதியின் சம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்கள் காணியில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் வரும் என்றார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலைய வேலை தொடங்கிவைக்கப்பட்டது. புகைக்குப் பதில் வெயில் என்பது பெரிய மாற்றம், நான் வரவேற்கிறேன். ஆனால் இந்த இருபது ஆண்டில் மூதூரின் பிள்ளைகளில் எத்தனை பேரை அந்த நிலையத்தின் பொறியியலாளராக்க யாராவது திட்டமிட்டார்கள்? நிலக்கரிக்கும் சூரியனுக்கும் அந்தக் கேள்வி பொதுவானது.

மன்னாரில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனிக் காற்றாலை 100 மெகாவாட்டைத் தாண்டியது. அதன்பின் மன்னாருக்கும் பூநகரிக்கும் வந்த அதானியின் 484 மெகாவாட் திட்டத்திலிருந்து அந்நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. அதே ஆண்டு மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளுக்கு எதிராக வீதிக்கு வந்தார்கள். அவர்களை அபிவிருத்தியின் எதிரிகள் என்று சொல்வது அநியாயம். வெள்ளநீர் எங்கே தேங்கும், பறவை எங்கே இறங்கும், மீன்பாடு எப்படி மாறும் என்ற கேள்விகளுக்கு நம்பத்தகுந்த உள்ளூர் அளவீடு மேசையில் இல்லாதபோது வீதிதான் மேசையாகிறது.

மட்டக்களப்பிலும் இந்த நிலை வரும். தரைச் சோலாருக்கு ஒரு மெகாவாட்டுக்கு மூன்று முதல் ஐந்து ஏக்கர் வேண்டும். வரைபடத்தில் "வெற்று நிலம்" என்று தெரிவது பெரும்பாலும் மேய்ச்சல்தரை. மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் தங்கள் மேய்ச்சல்தரைக்காக 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டத்தை அறிந்த எவரும் இன்னொரு மேய்ச்சல்தரையை வேலியிட்டு அடைக்கத் துணியக் கூடாது. தகடுகளை உயர்த்தி மாடு கீழே மேயும்படி அமைக்க முடியும். செலவு சற்றுக் கூடும். அந்தக் கூடுதல் செலவைக் கேட்டு வாங்குவதற்குத்தான் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும்.

நோர்வேயில் ஒரு நூற்றாண்டாக ஒரு வழக்கம் இருக்கிறது. ஆற்று நீரை எடுக்கும் மின்நிலையம், அந்த ஊர் நகரசபைக்குத் தன் உற்பத்தியில் 10 வீதம் வரை அடக்கவிலைக்குக் கொடுக்க வேண்டும். 1969இல் கடலில் எண்ணெய் கிடைத்தபோதும் அவர்கள் இதே புத்தியோடு நடந்தார்கள். ஈராக்கிலிருந்து வந்து குடியேறிய புவியியலாளர் பாரூக் அல்-காசிம் போன்றவர்களின் ஆலோசனையோடு 1972இல் சொந்த எண்ணெய் நிறுவனத்தையும் தனியான கண்காணிப்புத் திணைக்களத்தையும் நிறுவினார்கள். அனுமதி கேட்ட வெளிநாட்டு நிறுவனங்களை நோர்வேயிலேயே ஆய்வுக்குச் செலவிடவும் நோர்வேஜியரைப் பயிற்றுவிக்கவும் வைத்தார்கள்.

நமக்குப் பொருத்திப் பார்ப்போம். இங்கே 10 மெகாவாட் சோலார் ஆண்டுக்குக் குறைந்தது 1 கோடியே 40 இலட்சம் அலகு தரும். அதில் 10 வீதம் 14 இலட்சம் அலகு. தொன்னுக்கு 70 அலகு என்று கணக்கிட்டாலும் அது 20,000 தொன் ஐஸ். ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் முகத்தையே மாற்றக்கூடிய அளவு அது. இந்தக் கணக்கை ஒப்பந்தம் எழுதும் நாளில் யாராவது எழுந்து சொல்ல வேண்டும்.

6. செய்யக்கூடியது

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான, விவசாய, தொழில்நுட்ப பீடங்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். அம்பாறையில் ஹார்டி. மஞ்சந்தொடுவாயில் தொழில்நுட்பக் கல்லூரி. இந்த நான்கு வாசல்களில் தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் இருக்கிறார்கள். நான்கும் சேர்ந்து வாவியைச் சுற்றிச் சில கதிர்வீச்சு அளவிகளையும் உப்பரிப்புச் சோதனைத் தட்டுகளையும் நிறுவி, பதிவுகளை எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பல்கலைக்கழக மாணவர் ஆய்வு செய்ய, தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் கருவியைப் பராமரிக்க, இருவரும் ஒரே தட்டின் முன் நின்று பேசவேண்டும். 1981இல் வாய்க்கால் கரைக்குப் போன பட்டதாரிகளைப் போல, ஐஸ் ஆலைக்கும் அரிசி ஆலைக்கும் மேய்ச்சல்தரைக்கும் போய் உட்கார்ந்து கேட்கும் இளைஞர் சிலரை இந்த அறக்கட்டளையே ஆண்டுதோறும் தெரிந்தெடுக்கலாம். மாளிகை கட்டும் பணம் இதற்குத் தேவையில்லை.

சங்கத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த திட்டக்காரர் உங்கள் ஊருக்கு வரைபடத்தோடு வரும்போது, அளவீட்டுப் பதிவு எங்கே வைக்கப்படும், எத்தனை உள்ளூர் டெக்னீசியன்களைப் பயிற்றுவிப்பீர்கள், நண்பகல் மின்னில் எங்கள் பங்கு எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும் வரை கையொப்பமிடாதீர்கள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் இருக்கும் என் சக ஆசிரியர்களே, முதல் அளவியை வருகின்ற மாரிக்கு முன் நிறுத்துங்கள். கருவி வாங்கப் பணம் போதாவிட்டால் இந்த மேடையிலிருந்தே சேர்க்கத் தொடங்குவோம்.